குதிரைக்கு ஒரு வாளி தண்ணீர்... குழந்தைக்கு ஒரு சோப்பு!

பள்ளிக்கரணையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சமீபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. ஐந்து வயசு முடிந்த ஒரு வாண்டுக்கு. பலூன், மேஜிக் ஷோ எல்லாம் பழசாகிவிட்டதாம். 'இந்தத் தடவை நிஜக் குதிரை!' என்று ஏற்பாடு செய்திருந்தார் குழந்தையின் அப்பா.

சாயங்காலம் 4 மணிக்கே குதிரை வந்து நின்றுவிட்டது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றி ஆளுக்கு ஒரு ரவுண்டு. இறங்கிய கையோடு ஒவ்வொரு குழந்தையும் குதிரையின் முகத்தைத் தடவும், பிடரியைப் பிடித்து இழுக்கும். அடுத்து நேராக ஓடிப்போய் கேக், சமோசா, பாப்கார்ன். அதே கை!

மூன்றாம் நாள் காலையில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. மூன்று குழந்தைகளுக்கு லூஸ் மோஷன், காய்ச்சல். 'எல்லாம் அந்தக் குதிரையால வந்த வினை', 'சால்மோனெல்லான்னு ஒரு கிருமியாம், குதிரை லத்தியில இருக்குமாம்', 'இனிமே கேட்டுக்குள்ள எந்த மிருகமும் வரக்கூடாது' என்று வரிசையாகத் தீர்ப்புகள். நடுவில் ஒரு அம்மா, 'போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருந்துச்சு, அதையே கொடுத்துட்டேன்' என்று எழுதியிருந்தார். அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்!

நல்லவேளை, மூன்று குழந்தைகளும் நாலைந்து நாளில் தேறிவிட்டார்கள். ஆனால், யாருக்கும் மலப் பரிசோதனை செய்யவில்லை. அதனால், குற்றவாளி குதிரையா, கேக்கில் இருந்த கிரீமா, கேன் தண்ணீரா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. குதிரையின் பக்கத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால், அதை நான் கண்ணால் பார்த்தேன். 4 மணிக்கு வந்த குதிரைக்கு, ராத்திரி 9 மணிக்கு அது கிளம்புகிற வரை, ஒருத்தர்கூட ஒரு வாளி தண்ணீர் காட்டவில்லை. நான் உட்பட!

'அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!

முதலில், இந்த சால்மோனெல்லா யார் என்று பார்த்துவிடுவோம். பெயரைக் கேட்டதும் சால்மன் மீன் ஞாபகம் வரும். மீனுக்கும் இதற்கும் துளியும் தொடர்பில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. 1885-ல் அவருடைய உதவியாளர் தியோபால்ட் ஸ்மித், நோய் கண்ட பன்றிகளிடமிருந்து இந்த வகைக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பெயர் மட்டும் மேலதிகாரிக்குப் போய்விட்டது!

இதில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த டைபாய்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் டைபாய்டு கிருமி மனிதனிடம் மட்டும் குடித்தனம் நடத்துவது. குதிரையிடமிருந்து டைபாய்டு வராது. மற்ற வகைகள் பலவும் அப்படியில்லை. கோழி, மாடு, பன்றி, குதிரை, ஆமை, பல்லி, மனிதன் என்று வித்தியாசம் பார்க்காமல் வந்து போகும். நம் வீடுகளில் இது நுழைவதற்கு அதிகம் பயன்படுத்துகிற வாசல் சரியாக வேகாத முட்டை, கோழி இறைச்சி, அசுத்தமான தண்ணீர் ஆகியவைதான். குதிரை என்பது ஒரு சின்ன சந்து. சின்ன சந்து என்றாலும் சந்து சந்துதானே?

குதிரைக்கு வந்தால்...

மனிதனுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடுகிற நோய், குதிரைக்கு வந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். காய்ச்சல் அடிக்கும். கொள்ளைக் காட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு நாற்றமெடுத்த, தண்ணீர் போன்ற பேதி. வயிற்று வலியில் தரையை உதைக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். உடம்பிலுள்ள நீரெல்லாம் சில மணி நேரத்தில் வற்றிவிடும். கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்தால் குளம்பு வரை பாதிப்பு இறங்கும். பிழைத்தாலும் நொண்டியாகிவிடுகிற குதிரைகள் உண்டு. குட்டிகளுக்கு வந்தால் இன்னும் மோசம். ரத்தத்தில் பரவி மூட்டுகளில்கூடப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குதிரை இனத்தையே குறிவைக்கிற ஒரு தனி வகையும் உண்டு. சினைக் குதிரைகளுக்குக் கடைசி மாதங்களில் கருச்சிதைவை உண்டாக்குவது இதன் வேலை. நம் நாட்டுப் பண்ணைகளுக்கும் இது புதிதல்ல. ஹரியானா மாநிலம் ஹிசாரில் 1985-ல் அமைந்த தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. நம்மைப் பேதியில் தள்ளுகிற மற்ற வகைகளுக்கு அந்த ஊசி காவல் நிற்காது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நோயே இல்லாமல், கொழுகொழுவென்று நிற்கிற குதிரையின் குடலிலும் இந்தக் கிருமி ஒளிந்திருக்கலாம். குதிரையின் பெருங்குடலில் கோடானுகோடி நல்ல கிருமிகள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் செரிக்கவைப்பதே அவைதான். அவை திடமாக இருக்கிற வரை சால்மோனெல்லா தலைதூக்க முடியாது. மூலையில் சுருண்டு கிடக்கும்.

அந்த நல்ல கிருமிகளின் பலம் எப்போது குறைகிறது? குதிரையைப் பட்டினி போடும்போது. திடீரென்று தீவனத்தை மாற்றும்போது. லாரியில் ஏற்றி நீண்ட தூரம் கொண்டுபோகும்போது. வெயிலில் வாட்டும்போது. ஆபரேஷன் செய்யும்போது. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது. இப்படிக் குதிரை வாடுகிற நேரம் பார்த்துத்தான் ஒளிந்திருந்த கிருமி பெருகி, லத்தியோடு வெளியே கொட்ட ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் நிற்பது யார்? நம் வீட்டுக் குழந்தை!

புரிகிறதல்லவா? வாடாத குதிரையிடம் பயம் குறைவு. வாட்டிய குதிரையிடம்தான் பயம் அதிகம். சாதாரண உடல்வாகுள்ள ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். வெயிலும் வேலையும் சேர்ந்தால் இரண்டு மடங்கு கேட்கும். அதற்கு நாம் ஐந்து மணி நேரம் தண்ணீர் காட்டாமல் விட்டோம். இப்படியே போனால் ஒருநாள் கிருமி நமக்குத் தண்ணீர் காட்டிவிடும்!

பெரிய ஆஸ்பத்திரியே மூடியது

'குதிரைக்காரன் சுத்தமா வச்சுக்கலை, அதான்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சுத்தத்துக்கே பேர்போன இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக 'நியூ போல்டன் சென்டர்' என்று குதிரைகளுக்கான புகழ்பெற்ற ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 2004-ல் அங்கே பல மருந்துகளுக்கு அடங்காத சால்மோனெல்லா பரவியது. புதிய குதிரைகளைச் சேர்ப்பதை நிறுத்தி, ஆஸ்பத்திரியையே வாரக்கணக்கில் மூடிக் கழுவ வேண்டியதாயிற்று.

அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை, படித்த டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிற குதிரைகள் எல்லாம் ஏற்கெனவே வலியில், பயணக் களைப்பில், மருந்தில் இருப்பவை. கிருமிக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? இன்னொரு சிக்கல், இந்தக் கிருமி லத்தியில் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஒரே ஒரு பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் நம்ப முடியாது. நாள் விட்டு நாள் பல தடவை பார்க்க வேண்டும்.

ஆகவே, 'செக் பண்ணின குதிரைதான் சார்' என்று யாராவது சொன்னால் சந்தோஷம். அதற்காகக் கை கழுவாமல் இருந்துவிடக் கூடாது.

கை போகும் பாதை

குதிரையிடமிருந்து குழந்தைக்கு இந்தக் கிருமி காற்றில் பறந்து வருவதில்லை. சவாரி செய்ததாலேயே வந்துவிடுவதும் இல்லை. லத்தி பட்ட தரை, அதில் புரண்ட வால், வாலைப் பிடித்த கை, கையிலிருந்து வாய். அவ்வளவுதான் அதன் பாதை. அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு சோப்பை நிறுத்திவிட்டால் போதும், கிருமியின் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் நாம் என்ன செய்கிறோம்? குதிரையில் ஒரு ரவுண்டு, உடனே சுண்டல். இல்லாவிட்டால் மாங்காய்ப் பத்தை. கடல் தண்ணீரில் கையை நனைத்தால் கழுவியதாகக் கணக்கு! மணலில் கிடக்கிற லத்தியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிற நாம், கையைப் பார்ப்பதே இல்லை.

அடுத்த முறை கடற்கரைக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில் தண்ணீரும், ஒரு துண்டு சோப்பும் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள். சவாரி முடிந்ததும் குழந்தையின் கையை 20 விநாடி நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சுண்டல். 'சானிடைசர் இருக்கே?' என்பீர்கள். மண்ணும் அழுக்கும் அப்பிய கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் முதல் மருந்து. வீட்டுக்கு வந்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதற்கும் அர்த்தம் இருக்கிறது.

மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிரை லத்தி நல்ல உரம்தான். ஆனால் பச்சையாகக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். ஈரமுள்ள சாணத்திலும் மண்ணிலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குவித்துவைத்து, சூடேறி, நன்றாக மக்கிய பிறகு போடுங்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணையில் தண்ணீர் எப்படி நின்றது என்று நமக்குத் தெரியும். சாக்கடை, சாணம், குப்பை எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வீட்டுக்குள் வந்தது. மிருகங்கள் வாசலுக்கு வராமல் கேட்டைப் பூட்டிவிடலாம். வெள்ளத்துக்குக் கேட் போட முடியுமா? ஆக, கை கழுவுவதும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் குதிரை வந்தாலும் வராவிட்டாலும் நமக்குத் தேவையான பழக்கம்தான்.

மிச்சம் வைத்த சிரப்

இப்போது அந்த ஃப்ரிட்ஜ் சிரப்புக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் வந்தது அதைப் படித்துத்தான்.

குதிரையின் குடலில் என்ன நடக்கிறது என்று மேலே சொன்னேன். தேவையில்லாத ஆன்டிபயாடிக், நல்ல கிருமிகளைக் கொன்று கெட்ட கிருமிக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. நம் குழந்தையின் குடலும் குடல்தானே? ஆரோக்கியமான குழந்தைக்கு வருகிற சாதாரண சால்மோனெல்லா பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. கொடுத்தால் கிருமி மலத்தில் வெளியேறுகிற காலம் நீளவும் கூடும். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் உருவாவதும் இப்படித்தான். மருந்தை எப்போது கொடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அலமாரியும் ஃப்ரிட்ஜும் முடிவு செய்யக் கூடாது.

பேதியில் குழந்தையைக் காப்பாற்றுவது, இழந்த நீரைத் திருப்பிக் கொடுப்பதுதான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு பெரிய பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, தயிர்சாதம் கொடுக்கலாம். பட்டினி வேண்டாம். ஜிங்க் மருந்தை 14 நாள் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதினால், பேதி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். பேதியைச் சட்டென்று கட்டுகிற மாத்திரைகளைக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், எதைக் கொடுத்தாலும் வாந்தி, சிறுநீர் போவது குறைந்துவிட்டது, குழந்தை துவண்டு கிடக்கிறது... இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், கீமோதெரபி போன்ற சிகிச்சையில் இருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அப்போது டாக்டரிடம், 'குழந்தை குதிரையைத் தொட்டு விளையாடினான்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கிருமி, தொட்ட சில மணி நேரத்திலும் வேலையைக் காட்டலாம், ஆறு நாள் கழித்தும் காட்டலாம். மலப் பரிசோதனை தேவையா என்று முடிவு செய்ய அந்தத் தகவல் அவருக்கு உதவும். நாமும் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதாமல் இருக்கலாம்!

தடை போட்டால் தீருமா?

'இதெல்லாம் எதுக்கு? குதிரையே வேண்டாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது' என்பது எங்கள் குடியிருப்பின் வாதம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாம் கேட்டைச் சாத்திவிட்டால் குதிரை எங்கே போகும்? இன்னொரு கல்யாண மண்டபத்துக்கு, சாரட்டு வண்டி இழுக்கப் போகும். அங்கேயும் வேட்டுச் சத்தத்துக்கும், லைட் வெளிச்சத்துக்கும் நடுவில் தண்ணீர் இல்லாமல் நிற்கும். அங்கேயும் குழந்தைகள் தொட்டு விளையாடும். குதிரையை ஓட்டிவந்த தம்பியிடம் பிறகு போனில் பேசினேன். 'தண்ணி கேட்டா செக்யூரிட்டி விட மாட்டேங்கிறாரும்மா. லத்தி போட்டா சண்டைக்கு வர்றாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நானே தீனியைக் குறைச்சுடுவேன்' என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம் லத்திக்கு முகம் சுளிக்கிறோம் என்று குதிரை பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கிற குதிரையின் குடலில் என்ன நடக்கக்கூடும் என்பதைத்தான் மேலே படித்தீர்கள்!

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டி இழுக்கிற, சுமை தூக்குகிற விலங்குகளுக்காக 1965-லேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை கூடவே கூடாது. விதி இருந்து என்ன பிரயோஜனம்? காசு கொடுத்துக் கூப்பிடுகிற நாம் கேட்டால்தானே நடக்கும்?

அதனால், குதிரையைக் கூப்பிடுவதற்கு முன் நாலு விஷயம் கேளுங்கள். இன்றைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறது? எப்போது சாப்பிட்டது? சமீபத்தில் பேதியோ காய்ச்சலோ இருந்ததா? கால்நடை டாக்டர் எப்போது பார்த்தார்? பதில் சரியில்லை என்றால் குதிரை வேண்டாம். சரியாக இருந்தால், நிழலில் நிறுத்துங்கள். அதற்கென்று தனியாக ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். மணிக்கு ஒரு முறை ஓய்வு கொடுங்கள். சாப்பாட்டு மேஜையைத் தள்ளிப் போடுங்கள். நடுவில் சோப்பும் குழாயும் இருக்கட்டும். லத்தி விழுந்தால் உடனே அள்ளிவிட்டு, அந்த இடத்தைக் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். லத்தி மேலேயே ஊற்றினால் பவுடர்தான் வீண். குதிரைக்காரத் தம்பிக்கு நூறு இருநூறு சேர்த்துக் கொடுத்தால், மறுநாள் அந்தக் குதிரைக்கு ஓய்வு கிடைக்கும். குதிரை சோர்ந்து தெரிந்தால் வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடியாது என்றால் பலூனே போதும். குழந்தை கோபித்துக்கொள்ளாது.

கடைசியாக ஒன்று. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு மழைக்காலத்தில் பாம்பு பயம் உண்டு. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் நாட்டில் அது குதிரையின் ரத்தத்திலிருந்துதான் தயாராகிறது. மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். அதன் உடம்பில் உருவாகிற எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்துத்தான் நமக்கு ஊசி. நம் உயிரைக் காப்பாற்றுகிற இனத்துக்கு ஒரு வாளி தண்ணீர் வைக்க நமக்கு மனசில்லையா?

'கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா மூடிக்குமாம்' என்று குதிரையைத்தான் கேலி செய்கிறோம். உண்மையில் சவாரி என்றதும் வாயெல்லாம் பல்லாக நிற்பவர்கள், தண்ணீர், ஓய்வு, சோப்பு என்றதும் வாயை மூடிக்கொள்பவர்கள் நாம்தான்.

அடுத்த மாதம் எங்கள் குடியிருப்பில் இன்னொரு பிறந்தநாள் வருகிறது. குதிரை வருமா, வராதா என்று கூட்டம் போட்டுப் பேசப்போகிறார்கள். வந்தால், வாளியோடு நான் முதலில் கீழே இறங்கிவிடுவேன். சோப்பை நீங்கள் கொண்டுவருவீர்கள்தானே?